மேல்மாடிக் குத்தகை

மேல்மாடி,
17, டவ்கோட் சாலை, ஃபோக்ஸ்டோன்
9 ஜனவரி 2013

கிளிஃபர்ட்,

"அன்புள்ள" என்று எழுதி, அடித்துவிட்டேன். அக்டோபரில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாய். அதற்கப்புறம் நமக்குள் பேச்சில்லை. ஒரே தெருவாசல், ஒரே நடை, குப்பைத்தொட்டிகூடப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. ஆனாலும் கீழே குடியிருக்கும் கூடப்பிறந்தவனுக்கு நான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அறுபத்தாறு வயதில் எனக்கு இது தேவைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்மண்டுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு வாரமாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிவந்து மேலே உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. இருபத்து மூன்று படி. துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் கயிறு இழுத்த என் புருஷன், இன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து உன் தோட்டத்தை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயில் நாலைந்து சொல்தான் மிச்சம். அதில் ஒன்று "கீழ". தினம் காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து அதைத்தான் சொல்கிறார்.

அக்டோபரில் உன் வாசலில் நின்று கேட்டேன். "நீ மேல வந்துடு கிளிஃப், நாங்க கீழ வந்துடறோம். மாடிய மாத்திக்கலாம்." நீ என்ன சொன்னாய்? "இது அப்பா எனக்குக் குடுத்த வீடு." அவ்வளவுதான், கதவு. சரி. அதை இனி கேட்க மாட்டேன்.

வீட்டை விற்றுவிட்டு, பக்கத்து ஊர் ஹைத்தில் படியே இல்லாத ஒரு சின்ன வீடு வாங்கப் போகிறோம். வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டார்கள், ப்ரைஸ் என்று இளம் தம்பதி. அவர்களுடைய வங்கி ஒரே ஒரு நிபந்தனை போடுகிறது, குத்தகையை நீட்டித்துத் தர வேண்டும் என்று. உனக்குத் தெரியாததில்லை. நிலம், சுவர், கூரை எல்லாம் அப்பா உன் பேருக்கு வைத்தார். எனக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது மேல்மாடியில் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. நான் விற்க முடிவது அதில் மிச்சமுள்ள வருஷங்களைத்தான், அவை தேயத் தேய விலையும் தேயும். மிச்சம் எண்பதுக்குக் கீழே போய்விட்டால், நீட்டிப்பதற்கு நான் உனக்குத் தர வேண்டிய தொகை ஒரேயடியாக ஏறிவிடும். சட்டம் அப்படி இருக்கிறது. நாம் கையெழுத்துப் போட்டது 1994 செப்டம்பர் 20. ஆக, இந்த செப்டம்பர் வரை எண்பதுக்கு மேலே இருக்கிறோம். ஆனால் டெஸ்மண்டை செப்டம்பர் வரை மேலே வைத்திருக்க என்னால் முடியாது.

இன்னும் தொண்ணூறு வருஷம் கூட்டி எழுதிக் கொடு. நியாயமான தொகையைக் கொடுத்துவிடுகிறேன். வக்கீல் வைத்து நோட்டீஸ் விட்டால் நீ மறுக்க முடியாது, அது எனக்குள்ள உரிமை. ஆனால் தம்பிக்கு நோட்டீஸ் விட இன்னும் மனசு வரவில்லை. அந்த மனசை நீ கெடுத்துவிடாதே.

நோரா

*

கீழ்வீடு
19 ஜனவரி 2013

அன்புள்ள நோரா,

உன் கடிதம் என் கதவுக்கு உட்புறம் கிடந்தது. தெரியாமல் மிதித்துவிட்டேன். ஆனாலும் படிக்க முடிந்தது.

முதலில் அக்டோபர் விஷயம். நான் கதவைச் சாத்தினேன் என்கிறாய். அடுப்பில் வைத்த பட்டாணி கருகிக்கொண்டிருந்தது என்பதை நீ எழுதவில்லை. அதோடு, நீ கேட்டது சின்ன விஷயமில்லை. அப்பாவை ஆறு வருஷம் இந்தக் கீழ்வீட்டில்தான் வைத்துப் பார்த்தேன். குளிப்பாட்டினேன், மலம் துடைத்தேன், கடைசியில் கரண்டியால் ஊட்டினேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சை கேக்கோடு இறங்கி வருவாய். அப்பா நீ வந்ததைப் பற்றி அடுத்த ஞாயிறு வரை பேசுவார். நான் செய்ததைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அவர் போன பிறகு இந்தத் தோட்டத்தை ஒற்றை ஆளாக உருவாக்கினேன். இதை விட்டுவிட்டு உன் வீட்டுச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிரு என்கிறாய்.

இப்போது குத்தகை. வக்கீல்களைக் கூப்பிட்டால் உன் வக்கீலுக்கும் நீதான் கொட்டி அழ வேண்டும், என் வக்கீலுக்கும் நீதான் அழ வேண்டும். முப்பத்தோரு வருஷம் கவுன்சில் அலுவலகத்தில் இந்த மாதிரிக் காகிதங்களோடுதான் கிடந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கக்கூடியதைக் கட்டணம் கட்டிப் பேசாதே. செப்டம்பர் வரை நேரமிருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் என்ன தலைபோகிற அவசரம்?

ஈஸ்டர் ஞாயிறு ஆட்டுத்தொடை ரோஸ்ட் செய்கிறேன். சாப்பிட வா. உட்கார்ந்து பேசுவோம். டெஸ்மண்டுக்கு ஒரு தட்டு மேலே எடுத்துப்போகலாம்.

அந்த ப்ரைஸ் தம்பதி வீடு பார்க்க வந்தபோது இரண்டு பேரும் பூட்ஸோடு மேலே நடந்தார்கள். என் கூரை விளக்கு ஆடியது.

கிளிஃபர்ட்

*

மேல்மாடி
8 பிப்ரவரி 2013

கிளிஃபர்ட்,

"ஒரு தட்டு மேலே எடுத்துப்போகலாம்." இந்த ஒரு வரிக்காகவே உன் கடிதத்தைக் கிழித்துப் போட நினைத்தேன். அந்த மனுஷன் கேட்பது கறித் தட்டு இல்லை.

பத்து நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து உடற்பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள், பிலிப்பா. டெஸ்மண்டைப் படியில் இறக்கிப் பார்க்கலாம் என்றாள். "மெதுவா, நல்ல கால மொதல்ல வைக்காதீங்க, பலமில்லாத கால மொதல்ல கீழ வைங்க. அவசரமே இல்ல." ஐந்து படி இறங்கினார். ஆறாவதில் கால் மடங்கிவிட்டது. இரண்டு பேரும் தாங்கி உட்கார வைத்தோம். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் முக்கால் மணி நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது உன் கதவு திறந்தது. நீ எட்டிப் பார்த்தாய். நான் உன் பேரைச் சொல்லி வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. அப்போதும் பட்டாணி கருகியதா?

அப்பாவை நீ பார்த்துக்கொண்டது உண்மை. நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அந்த ஆறு வருஷமும் நான் மாவுமில் அலுவலகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்பதையும் எழுது. உன்னுடைய குளிப்பாட்டலுக்கெல்லாம் டெஸ்மண்ட் என்ன கடன் பட்டிருக்கிறார்? அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்க முடியாத நாளிலெல்லாம் நீ துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாய். யார் இறங்கி வந்தது?

எனக்கு நோட்டீஸ் விட்டுவிடத்தான் கை துறுதுறுக்கிறது. திருமதி விட்கோம்ப் என்று ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தும் வைத்திருக்கிறேன். ஆனால் டெஸ்மண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார், வேண்டாம் என்று. உன்மேல் அவருக்கு இன்னும் ஒரு இது இருக்கிறது. அதற்காக ஈஸ்டர் வரை பொறுக்கிறேன். ப்ரைஸ் தம்பதியும் அதுவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு வருகிறேன். பேச்சை மாற்றாதே. ரோஜாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

நோரா

*

மேல்மாடி
2 ஏப்ரல் 2013

திருவாளர் கிளிஃபர்ட் பெட்டிஃபர் அவர்களுக்கு,

இன்றைக்குக் காலையில் பத்திரத்தை எடுத்துக்கொண்டு திருமதி விட்கோம்பிடம் போனேன். "தம்பி ஒத்துக்கிட்டான், ஞாயித்துக்கிழம சாப்பாட்டு மேசையிலயே சொல்லிட்டான், நோட்டீஸ் அனுப்பு பாத்துக்கலாம்னு சொன்னான்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் படித்தார். அப்புறம் திரும்பவும் படித்தார்.

"கையெழுத்துப் போட்ட தேதி செப்டம்பர்தாங்க. ஆனா குத்தகை எதுலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு பாத்தீங்களா? 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி நாலு மார்ச் இருபத்தஞ்சு முதல்'னு போட்டிருக்கு. லேடி டே, மாதா திருநாள். எண்பதுக்குக் கீழ போயி எட்டு நாளாச்சு."

எட்டு நாள், கிளிஃபர்ட்.

அந்த அம்மா என்மேல் தப்புச் சொல்லவில்லை. "பழைய ஆளுங்க எல்லாத்தையும் வருஷத்துல வாடக கட்டுற அந்த நாலு கணக்கு நாள்லதான் ஆரம்பிப்பாங்க. எப்ப கையெழுத்துப் போட்டாலும் முந்தின லேடி டேலேர்ந்துன்னு எழுதிடுவாங்க" என்றார். எனக்குத் தெரியாதா? நம் அப்பா நாற்பது வருஷம் பண்ணைக்காரர்களுக்கு வாடகை வசூலித்தவர். மார்ச் 25 அன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கணக்கு நோட்டைப் பிரிப்பார். "ஜனவரி ஒண்ணா? அது குடிகாரங்களுக்கு வருஷப் பொறப்பு. மனுஷனுக்கு வருஷம் லேடி டேல பொறக்குது" என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவள், பத்தொன்பது வருஷம் அந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக் கையெழுத்துத் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முட்டாள்தனம் அது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீ? முப்பத்தோரு வருஷம் காகிதத்தோடு கிடந்தவன் நீ. உன்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. ஜனவரியில் நான் "செப்டம்பர்" என்று எழுதினேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு "நீயே எழுதியிருக்கிறாய்" என்று திருப்பி எழுதினாய். எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்னைக் கூப்பிட்டாய்? மார்ச் 31. லேடி டே கழிந்து ஆறாம் நாள். என் தட்டில் புதினாச் சாறை ஊற்றிவிட்டு, "இன்னும் ஒரு துண்டு போட்டுக்கோ நோரா" என்றாயே. உன் தொண்டையில் அந்தக் கறி எப்படி இறங்கியது?

நாலாயிரம் பவுண்டில் முடிந்திருக்க வேண்டியது ஒன்பதாயிரத்தைத் தொடும் என்கிறார் வக்கீல். அந்த ஐயாயிரம் ஹைத் வீட்டுக்கு நாங்கள் வைத்திருந்த பணம். பேரம் முடியவும் மாதக்கணக்கில் ஆகுமாம். மத்தியானம் ப்ரைஸ் தம்பதிக்குச் சொன்னேன். அந்தப் பெண் அழுதாள். "எங்களால இதுக்கு மேல காத்திருக்க முடியாதுங்க, வேற எடம் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு கேள்வி. உனக்குத் தெரியுமா, தெரியாதா? கல்லுளிமங்கன் மாதிரி இருக்காமல் பதில் எழுது.

நோரா

*

கீழ்வீடு
8 ஏப்ரல் 2013

நோரா,

தெரியும்.

ஜனவரியில் உன் கடிதத்தைப் படித்ததும் என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நான் பொய் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனி. செப்டம்பர் என்று சொன்னது நீ. நீ சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். உன் பத்திரத்தை நீ படிக்காததற்கு நான் பொறுப்பா? பள்ளிக்கூடத்தில் உன் கணக்கை நான் போட்டுக் கொடுத்தேன், அப்பாவிடம் மாட்டிக்கொண்டு அடி வாங்கினேன். அறுபத்தைந்து வயதிலும் உன் கணக்கை நானே திருத்த வேண்டுமா?

தொகையை நான் நிர்ணயிக்கவில்லை. சட்டம் நிர்ணயிக்கிறது. சட்டப்படி வருவதை வாங்கிக்கொள்வேன், ஒரு பென்னி அதிகம் கேட்க மாட்டேன்.

அன்றைக்குப் படியில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்தது உதவி செய்யத்தான். டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என்னை வேண்டாம் என்கிறவரிடம் நான் போய் நிற்க முடியாது.

துடைப்பக் கட்டையைச் சொல்லிக் காட்டுகிறாய். டெஸ்மண்ட் இறங்கி வந்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காகத் தோட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீ எதைக் கேட்டாலும் டெஸ்மண்டுக்காக என்கிறாய். டெஸ்மண்ட் கீழே வந்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? தோட்டத்தில் உட்கார வைத்தாலும், நடைபாதையில் உட்கார வைத்தாலும், எங்கே இருக்கிறோம் என்று இப்போது அவருக்குத் தெரியுமா? ஹைத்துக்குப் போக ஆசைப்படுகிறவள் நீ. அதை நேராகச் சொல்.

பத்தொன்பது வருஷமாக மேலே யார் நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு யாரோ வந்து நடப்பார்கள். அது என் வீட்டின் கூரை. அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

கிளிஃபர்ட்

*

மேல்மாடி
11 ஏப்ரல் 2013

கிளிஃபர்ட்,

நீ மேலே ஏறி வந்து உன் கடிதத்தை எங்கள் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போனபோது நான் கடைக்குப் போயிருந்தேன். டெஸ்மண்ட் ஆஸ்பத்திரியில் கொடுத்த நீள இடுக்கியால் அதை எடுத்துவிட்டார். பிரித்தும் படித்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது அவர் மடியில் இருந்தது, "அவருக்குத் தெரியுமா" என்று நீ கேட்டிருக்கும் பக்கம் மேலாக.

அவருக்குத் தெரியும். வாய்தான் போயிற்று. கண் இருக்கிறது, புத்தி இருக்கிறது, உன் கையெழுத்தை அடையாளம் தெரிகிறது. நாற்பது வருஷக் கல்யாணத்தில் அவர் அழுது நான் பார்த்தது இரண்டு தடவை. முதல் தடவை நம் அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று.

படியில் அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று உனக்கு நிஜமாகவே தெரியவில்லையா? பேண்ட் நனைந்துவிட்டது, கிளிஃபர்ட். முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்த மனுஷன். நீ பார்க்கிறாயே என்று வெட்கப்பட்டுத் திருப்பினார். உனக்கோ அதுவும் உன்னைப் பற்றித்தான்.

சரி, முடிந்தது. உன்னிடம் தொண்ணூறு வருஷத்தை நான் கேட்கப் போவதில்லை. பேரத்துக்குக் காத்திருக்கவும் போவதில்லை. வீட்டை இருக்கிற குத்தகையோடு ஏலத்தில் விடுகிறேன். மே 9, வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு, மெட்ரோபோல் ஓட்டல் கூடத்தில். இந்த மாதிரி வீட்டைக் கடன் வாங்கும் குடும்பஸ்தர்கள் எடுக்க மாட்டார்களாம், ரொக்கம் வைத்திருக்கிறவர்கள் எடுப்பார்களாம். எவன் எடுத்தாலும் சரி. உன் கூரை மேல் யார் நடக்க வேண்டும் என்று கேட்கிற பொறுப்பு எனக்கில்லை.

இன்னொன்று. எங்கள் கதவுக்கடியில் இனிமேல் எதையும் தள்ளாதே. மேலேயே ஏறி வராதே. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஊரில் மற்றவர்கள் அனுப்புகிற மாதிரி தபாலில் அனுப்பு. வாசலில் விழும் தபாலை நான் எடுப்பேன், அவர் கைக்குப் போகாது.

நோரா

*

கீழ்வீடு
5 மே 2013, ஞாயிறு

அன்புள்ள நோரா,

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முந்தின மூன்றிலும் அப்பாவைப் பற்றி வந்துவிட்டது. இதில் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

டெஸ்மண்டைப் பற்றி நான் எழுதியது அசிங்கம். உனக்கு வலிக்க வேண்டும் என்று எழுதினேன், அவர் படிப்பார் என்று நினைக்கவில்லை. நினைக்காதது சமாதானமாகாது. படியில் நடந்ததும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். தெரிந்துகொள்ள நான் ஒன்றும் செய்யவில்லை.

லேடி டே விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை என்று எழுதினேன். சொன்னேன். வாயை மூடிக்கொண்டு சொன்னேன். பணத்துக்காக இல்லை, நோரா. அந்தப் பணம் எனக்கு வேண்டாம். வருஷம் எண்பதுக்குக் கீழே போனால் ப்ரைஸ் தம்பதி விலகிவிடுவார்கள், ப்ரைஸ் விலகினால் நீ போக மாட்டாய், இப்படித்தான் கணக்குப் போட்டேன். நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்தன். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அக்டோபரில் நீ மாடியை மாற்றிக் கேட்டபோதே சரி என்றிருந்தால் யாரும் எங்கேயும் போக வேண்டியிருந்திருக்காது. ஏன் சொல்லவில்லை என்று ஏழு மாதமாக யோசிக்கிறேன். ரோஜாவைத் தவிர எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நீங்கள் கீழே வந்துவிடுங்கள். நான் மேலே போகிறேன். அதற்கு வேண்டிய காகிதமெல்லாம் நானே எழுதுகிறேன், எனக்குத் தெரியும். தொகை ஒன்றும் வேண்டாம். வாசற்படி இரண்டுதான், அதற்குச் சரிவுப் பலகை அடித்துவிடுகிறேன். பின்கதவைத் திறந்தால் டெஸ்மண்ட் நாற்காலியோடு தோட்டத்துக்கு வந்துவிடலாம். நேற்று அளந்து பார்த்தேன், நாற்காலி நுழையும்.

ஏலத்தை நிறுத்து. புதன்கிழமை ராத்திரிக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. ஒன்றும் வரவில்லை என்றால் உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், தொந்தரவு செய்ய மாட்டேன். மேலே வராதே என்று நீ சொன்னதால் நான் வரவில்லை. நீ கேட்டபடி தபாலில் சேர்க்கிறேன்.

கிளிஃப்

*

மேல்மாடி
10 மே 2013, வெள்ளி

கிளிஃப்,

உன் கடிதம் இன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுதினாய். திங்கள் வங்கி விடுமுறை, தபால் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அதற்கு மேல் நீ மெதுவாகப் போகிற, விலை குறைந்த இரண்டாம் வகுப்பு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறாய். உன் கதவிலிருந்து கிளம்பி, தெருமுனைப் பெட்டிக்குப் போய், ஊரெல்லாம் சுற்றி, ஐந்து நாள் கழித்து உன் கதவுக்கு முன்னாலிருக்கும் மிதியடியிலேயே வந்து விழுந்தது. நான் இருபத்து மூன்று படி இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே நீ இருமுவது கேட்டது.

நேற்று ஏலம் முடிந்துவிட்டது. பதினொன்று இருபதுக்கு எங்கள் வீடு வந்தது. ஒரு தரம், இரண்டு தரம் என்று அந்த ஆள் சொல்லும்போது நான் கூடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீ வந்திருப்பாய் என்று எதற்கோ நினைத்தேன். மூன்றாம் தரம் சுத்தியல் விழுந்தது. விழுந்தால் விழுந்ததுதான், விற்றவள் பின்வாங்க முடியாது. இன்றைக்குக் காலையில் திருமதி விட்கோம்புக்கு எதற்கும் போன் பண்ணிக் கேட்டேன், உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஒண்ணும் பண்ண முடியாதுங்க, இருபத்தெட்டு நாள்ல சாவியக் குடுத்தாகணும்" என்றார்.

வாங்கியது ஒரு கம்பெனி. வார வாடகைக்கு ஆள் விடுவார்களாம், வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்து போகும். தொண்ணூறு வருஷம் கேட்டு உனக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். அவர்கள் பத்திரத்தைப் படிக்கிறவர்கள், தேதியைத் தப்பவிட மாட்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்த பணத்தில் ஹைத் வீடு வராது. கேன்டர்பரி சாலையில் வாடகைக்கு ஒரு தரைவீடு பார்த்திருக்கிறேன். படி இல்லை. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். டெஸ்மண்டிடம் கீழே போகிறோம் என்று சொன்னேன். உன் தோட்டப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இல்லை என்று சொன்னேன். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

எனக்கு உன்மேல் இருக்கும் கோபம் லேடி டேக்காக இல்லை இப்போது. அதை நீ ஒப்புக்கொண்டுவிட்டாய், போகட்டும். புதன்கிழமை ராத்திரி பத்து மணி வரை நீ விழித்திருந்தாய். உன் விளக்கு வெளிச்சம் தோட்டத்தில் விழுந்திருந்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். என் பதிலுக்குத்தான் காத்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை காலையில் கோட்டு போட்டுக்கொண்டு உன் கதவைத் தாண்டித்தான் போனேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் நின்றேன். நீ திறந்து "போகாத நோரா" என்று சொல்லியிருந்தால் போதும். அந்தத் துடைப்பக் கட்டையால் கூரையை ஒரு தட்டுத் தட்டியிருந்தாலும் நான் இறங்கி வந்திருப்பேன்.

தபாலில் அனுப்பு என்று நான்தான் சொன்னேன், மறக்கவில்லை. ஆத்திரத்தில் சொன்னேன். அக்டோபரிலிருந்து உன்னிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன். மாடியை மாற்றிக்கொள்ளலாம் என்றேன், கதவைச் சாத்தினாய். வருஷத்தைக் கூட்டிக் கொடு என்றேன், ஈஸ்டருக்கு வா என்றாய். நான் கேட்டதில் கேட்டபடியே நீ செய்தது இது ஒன்றுதான், கிளிஃப்.

நோரா